கடைசி வாங்கிலிருந்து உயர்ந்த கை

ஆராதனை நடத்தக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு ஒரு ஆராதனையிலும் நிம்மதியாக உட்கார வாய்க்காது. பிரசங்கத்தின் நடுவில் மணிக்கூடு பார்த்துத் தவித்தவர்களே, நீங்களும் என் கட்சிதான்! பேராதனைக்குப் பக்கத்து இறையியல் கல்லூரியில், கடைசி வாங்கில் உட்கார்ந்து பிழை பிடிப்பது என் பிழைப்பு. சத்தம் கேட்காவிட்டால் கையைத் தூக்குவேன். பேசுகிறவர் அந்த வரியைத் திரும்பச் சொல்ல வேண்டும்.

அரிசிக் குழந்தை

ஞானஸ்நானப் பயிற்சிக்குக் குழந்தைக்கு எங்கே போவது? மூன்று கிலோ அரிசியைத் துவாயில் சுற்றிக் கொடுப்பேன். அந்த வருசம் முதலில் ஏந்தியவள் ஜெயராணி, கலஹா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. தண்ணீரைப் பக்குவமாகத் தெளித்தாள். வாய் அசைந்தது, சத்தம்தான் வரவில்லை. எட்டுத் தரம் கை தூக்கினேன்.

குரல் எழும்பாவிட்டால் இவளை எந்தச் சபைக்கும் அனுப்புவதில்லை என்று கல்லூரியில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்தது ஒரே ஒரு தவணை. அன்று பின்னேரம் என் மேசையருகே வந்து நின்றாள். குனிந்து காதைக் கொடுத்தேன். "வீட்டுக்கு அனுப்பிடாதீங்க சேர். நான் பேசிட்டுத்தான் போவேன்."

பஸ் போகும் நேரம்

நானும் விடுவதாயில்லை. தினமும் பாடம் முடிந்ததும் அவளைக் கல்லூரி வாசலில் நிறுத்திவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய் நிற்பேன். நடுவில் கலஹா பஸ் உறுமிக்கொண்டு போகும். "சமாதானத்தோடே போங்கள்" என்று அவள் சொல்வது எனக்குக் கேட்க வேண்டும். மழைக்கும் விடுமுறை இல்லை. அவளுக்குத் தொண்டை கட்டியது, கை தூக்கித் தூக்கி எனக்குத் தோள் வலித்தது. நான் நின்ற பக்கம் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த அலவத்துகொட நானா இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

ஆறாவது வாரம், பஸ்ஸையும் மீறி ஒரு சத்தம்! என் கை கீழேயே இருந்தது. நானா பிளேன்டியோடு வெளியே ஓடிவந்தார். "அல்லாஹ்! இண்டைக்கு அந்தப் புள்ளட சத்தம் எங்கட கடைக்குள்ளயும் கேட்டிச்சி சேர்!"

ஹேவாஹெட்டயில் பரீட்சை

கடைசிப் பரீட்சை உண்மையான சனத்துக்கு முன்னால். ஹேவாஹெட்டப் பக்கத் தோட்டமொன்றில் ஒரு வாலிபனின் அடக்கம் அவளுக்கு வந்தது. மலைக்காற்றிலும் ஜெயராணியின் ஜெபம் கடைசி ஆள்வரை கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு, குழியருகே உட்கார்ந்திருந்த தாய்க்கு முன்னால் முழந்தாளிட்டு ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஐயோ, பழக்கதோஷம்! அத்தனை சனத்துக்கும் பின்னால் நின்று கையைத் தூக்கிவிட்டேன். அவள் அந்த அம்மாவின் கையை விடாமலே நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த மலைக்கே கேட்கும் குரலில் சொன்னாள்: "கையை இறக்குங்க சேர், இது அம்மாவுக்கு மட்டும் சொன்னது!"

அவளுக்கு முழுப் புள்ளி போட்ட அந்தக் கை, அதற்குப் பிறகு எந்த அடக்கத்துக்குப் போனாலும் பொக்கெட்டுக்குள்ளேயே இருக்கிறது.