சைனைடு மலையடியில் பானிபூரி

கோரமண்டல் என்கிற பழைய சுரங்க ஊரில் வேனை நிறுத்துகிறோம். எதிரே திருநீறு பூசியதுபோல் ஒரு வெளுத்த மலை நிற்கிறது. கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழி என்பதால் என் கை தானாகக் குவிகிறது. தள்ளுவண்டியில் பானிபூரி விற்கிற அம்மா சிரிக்கிறார்.

“அத இன்னாத்துக்கு சார் கும்புடறீங்க? தங்கத்த எடுத்துட்டுக் கொட்டுன சைனைடு மண்ணு அது. போட்டோ புடிக்கத்தான் ஜனங்க வருது.”

இந்தப் பக்கத்துப் பானிபூரியில் ரசம் பச்சையாக இருப்பதில்லை, வெறும் தண்ணீர்போல் தெளிந்திருக்கிறது. ஆனால் வாயில் போட்டதும் காரம் காதுவரை ஏறுகிறது. நல்ல ருசி. இரண்டாவது பூரியைத் தின்னும்போது காற்று எழுந்து, மலையிலிருந்து மண் புகைபோல் இறங்குகிறது. அம்மா சட்டென்று பூரிக்கூடையை ஈரத்துணியால் மூடுகிறார். தள்ளுவண்டிக்குப் பின்னாலிருந்து விடாத இருமல் கேட்கிறது.

“எங்க வூட்டுக்காரரு சார். மைன்ல கீழ ஷிப்டு பார்த்தவரு. கல்லுத்தூசி நெஞ்சுல நின்னுபோச்சு. ஒட்டிக்கிற நோவு இல்ல, சாப்புடுங்க.”

என் மனைவி தட்டை வைத்துவிட்டுப் பிள்ளைகளை வேனில் ஏற்றுகிறாள்.

“கேன் தண்ணிதாம்மா ஊத்துறேன்,” என்று அம்மா அவள் முதுகைப் பார்த்துச் சொல்கிறார். அவள் திரும்பவில்லை. பிறகு அம்மா தன் கணவரிடம், “ஆளுங்க வந்தா அந்தாண்ட போய் இருமுன்னு எத்தினி வாட்டி சொல்றது?” என்கிறார்.

அந்தப் பெரியவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் தலையாட்டுகிறார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, மண் பறக்கிற பக்கமாகவே நடந்து போகிறார்.

ஈசுவரா, மூன்றாவது பூரியை நானும் கேட்கவில்லை.