மாமா எடுத்த மூன்று நிமிடப் பாட்டு

காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு வள்ளத்தின் கயிறு அறுந்தது. இவ்வளவு திட்டமாக என்னால் சொல்ல முடிவதற்குக் காரணம் என் மாமா. கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்தவர். எதைத் தொடங்கினாலும் நேரத்தைக் குறிக்காமல் தொடங்க மாட்டார். அன்றைக்கும் சட்டைப்பையிலிருந்த சின்ன நோட்டில் ‘10.38, படம் ஆரம்பம்’ என்று எழுதிவிட்டுத்தான் காமிராவைக் கண்ணில் வைத்தார். பாட்டின் இரண்டாவது சரணம் வர இரண்டு நிமிடம் ஆகும். அந்த இடத்தில்தான் கயிறு போனது. எனக்கு அப்போது பத்து வயது, தங்கைக்கு ஏழு. இருவரும் அந்த வள்ளத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட கதையை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள். போன வாரம் சிநேகிதிகளுடன் கடலோரக் கருங்கல் தடுப்பில் நின்று, ஒரு பாட்டுக்குப் போனில் படம் எடுக்கப் போனவள், நான்கு மணிக்குத் திரும்பிவிடுவேன் என்றாள். ஆறரை வரை போனை எடுக்கவில்லை. சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். வாசலில் வந்து நின்று, “என்னம்மா, திட்டலையா?” என்று கேட்டாள். அந்த இரண்டரை மணி நேரமும் திட்ட வேண்டிய வார்த்தைகளைத்தான் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றையும் எடுக்காமல், அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டேன்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் தோணியிலோ கப்பலிலோ இருப்பார்கள். அப்பாவும் அந்த வாரம் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து சென்ட்டும் சோப்பும் கொண்டுவருவார்கள். மாமா கதைகளைக் கொண்டுவருவார். அதில் எங்களுக்குப் பிடித்தது பாட்டுப் பெட்டிக் கதை. ஏதோ ஒரு குளிர்நாட்டுத் துறைமுகத்தில், மாலுமிகள் கூடும் கடை ஒன்றில், ஆளுயரப் பெட்டி ஒன்று நிற்குமாம். அதன் தலையில் ஒரு கண்ணாடி. “காசு போட்டா பாட்டு மட்டும் வராதுளா. பாடுதவளும் அந்தக் கண்ணாடிக்குள்ள வாரா. பாட்டு முடிஞ்சதும் போயிருதா.”

அடுத்த பயணத்தில் அதைவிடப் பெரிய அதிசயத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே டெலிவிஷன் பெட்டியில் ஒரு பாட்டுக் குழு பாடுவதாக இருந்ததாம். குழுவுக்கு வர நேரமில்லை. அதனால் பாட்டுக்கென்றே ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டார்களாம். ஆள் வராமல் பாட்டு வந்து போகிறது என்பதை மாமாவால் தாங்கவே முடியவில்லை. நம் ஊரில் பாட்டு என்றால் சினிமாவில் வர வேண்டும், முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரக் கதை வேண்டும். ஒரு பாட்டு, அதற்கென்று ஒரு படம், வேறு ஒன்றும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது அவருக்கு. மூன்றாவது தடவை வந்தபோது கைக்கு அடக்கமான ஒரு சினிமா காமிரா வாங்கி வந்தார். கூடவே ஒரே ஒரு பிலிம் சுருள். மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். கழுவுவதற்கே வெளிநாடு போக வேண்டும்.

பாட்டையும் மாமாவே எழுதினார். மாதா கோவில் பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் அண்ணாச்சி மெட்டுப் போட்டார். கடலுக்குப் போகும் ஒருவர் கரையிடம் விடைபெறுகிற பாட்டு. ‘கரையே கரையே போய் வாரேன், கதவைத் திறந்து வை’ என்று முடியும். மாமா பாட, அண்ணாச்சி வாசிக்க, கேசட்டில் மூன்று முறை அடுத்தடுத்துப் பதிந்து வைத்தார்கள். ஒத்திகையின்போது திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டாம் என்று. அந்த முன்யோசனை எங்களை எங்கே கொண்டு விடும் என்று யாருக்குத் தெரியும்?

அம்மாவிடம் சொல்லவில்லை. கடலில் இறங்குவது என்றால் அம்மா ஒப்பமாட்டாள். தங்கை முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கான புதுநன்மை வகுப்புக்கு நானும் துணைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அம்மாவின் சிவப்புச் சேலையைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினோம். வள்ளத்தில் நின்று வீசுவதற்கு ஏதாவது கலர்த்துணி வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார்.

அன்று கச்சான் காற்று. மேற்கிலிருந்து, கரையைத் தாண்டிக் கடலுக்குள் அடிக்கும் காற்று. அது அடிக்கும் நாளில் கரையோரம் அலையே இருக்காது, தண்ணீர் பாத்திரத்தில் ஊற்றி வைத்த மாதிரி கிடக்கும். வலைக்காரர்கள் அந்த அமைதியை நம்ப மாட்டார்கள். அன்று ஒருவரும் கடலுக்குப் போகாமல் மணலில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். மாமாவும் இதே கரையில் பிறந்தவர்தான். ஆனால் பத்து வருடமாகக் கப்பலின் வயிற்றுக்குள் இருந்தவர். தண்ணீர் படத்துக்கு நன்றாக இருக்கிறது என்பது மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

வள்ளத்தை நெஞ்சளவு ஆழத்தில் நிறுத்தியிருந்தோம். நங்கூரக் கயிறு கருப்பாக, கை மொத்தத்தில், முன்பக்கத்தில் தொங்கியது. மாமா காமிரா வழியே பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “கட்டிப்போட்ட மாட்டை எவன் படத்துல பாப்பான்? கயிறு தெரியக் கூடாது.” அதை அவிழ்த்து எறிந்துவிட்டு, மெல்லிய நைலான் கயிறு ஒன்றைத் தண்ணீருக்கு அடியில் கொடுத்து ஒரு பாறைக்கல்லில் கட்டினார்.

ஒத்திகையில் நான் எழுந்து நின்று சேலையை வீசியதும், வலை பொத்திக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் எழுந்து தண்ணீரை நோக்கி ஓடி வந்தார்கள். எங்கள் கடற்கரையில் வள்ளத்தில் நின்று துணி வீசினால் அதற்கு ஒரே பொருள்தான்: ஆபத்து, வாருங்கள். கரையில் யாராவது பார்த்துவிட்டால் பதிலுக்கு ஒரு துணியை வீசுவார்கள். அது தெரியும் வரை வீசுகிறவர் கையை இறக்கக் கூடாது.

அவர்களில் மூத்தவர் முழங்கால் தண்ணீரில் நின்று கத்தினார். “ஏலே, கப்பக்காரா! துணி வீசுதது வெளையாட்டா?”

“பாட்டுக்குப் படம் எடுக்கோம் அண்ணாச்சி.”

“படமா? கதை என்ன?”

“கதை கெடையாது. பாட்டு மட்டுந்தான்.”

“சண்டை உண்டுமா?”

“அதுவும் கெடையாது.”

“வில்லன்?”

“இல்லை அண்ணாச்சி.”

“பிறவு என்ன எளவுக்குலே படம்?” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள்.

மாமா அவர்களைக் கெஞ்சினார். இருப்பது ஒரே சுருள், நடுவில் யாரும் ஓடி வந்தால் அத்தனையும் வீண். “சரி போ. ஓம் பாட்டு ஓடுத வரைக்கும் நாங்க இந்தப் பக்கம் திரும்பல. போதுமா?” என்று மூத்தவர் வாக்குக் கொடுத்தார். எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.

திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர் ஒன்றை ஆர்மோனிய அண்ணாச்சி கொண்டுவந்திருந்தார். கார் பேட்டரியில் வயரைக் கொடுத்து, குழாயைக் கடலைப் பார்த்துத் திருப்பி வைத்தார். பாட்டு கரையே அதிரும்படி தொடங்கியது.

முதல் சரணம் வரைக்கும் எல்லாம் மாமா சொன்னபடி நடந்தது. பல்லவிக்குச் சேலையை வீசினேன். சரணத்துக்கு நெற்றியில் கை வைத்துத் தூரத்தில் பார்த்தேன். இடையிசைக்குத் தங்கை தண்ணீரை அள்ளித் தெளித்தாள். இரண்டாவது சரணம் தொடங்கியபோது வள்ளம் ஒருமுறை சிலிர்த்தது. தங்கை குனிந்து பார்த்தாள்.

“அக்கா, கயிறு மெதக்குது.”

பார்த்தேன். அறுந்த நுனி தண்ணீரில் புழு மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. தங்கை அழத் தொடங்கினாள். நான் பாட்டுக்கான உதட்டசைவை நிறுத்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, “அழாதளா, படத்துல விழும்” என்றேன். எது நடந்தாலும் நிறுத்தாதே, ஒரே சுருள் என்று மாமா பத்துத் தடவை சொல்லியிருந்தார். உயிரை விடச் சுருள் பெரியது என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. இரண்டையும் எடை போட்டுப் பார்க்க எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மாமா காமிராவுக்குள் எங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். வள்ளம் சிறுத்துக்கொண்டே போவது அழகாக இருந்ததாம். கடைசி வரியில் நான் உட்கார வேண்டும். உட்காராமல் வெறிபிடித்தவள் மாதிரி சேலையை வீசியதும், பிள்ளை சொன்னதைவிட நன்றாக நடிக்கிறாளே என்று நினைத்தாராம். சுருள் முடிந்து காமிராவை இறக்கிய பிறகுதான் வெறும் கண்ணுக்குத் தூரம் தெரிந்திருக்கிறது. காமிராவை மணலில் போட்டுவிட்டுக் கடலில் பாய்ந்தார். அண்ணாச்சியோ அதையும் படத்தில் உள்ளது என்று எண்ணி, மணல் பட்டுவிடக் கூடாதே என்று காமிராவை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கேசட்டில் பாட்டு இரண்டாவது முறை தொடங்கிவிட்டது. வலைக்காரர்கள் கொடுத்த வாக்கு மாறாமல் முதுகைக் காட்டியபடி இருந்தார்கள்.

காற்று கரையிலிருந்து அடித்ததால் பாட்டு எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் கத்தியது கரைக்குப் போகவில்லை. மாமாவின் தலை தேங்காய் மாதிரி தண்ணீரில் எழும்பி எழும்பி அமிழ்ந்தது. அவர் ஒரு பாகம், ஆறடி தூரம், நீந்தினால் காற்று எங்களை இரண்டு பாகம் தள்ளியது. தண்ணீரின் நிறம் மாறிவிட்டது. தங்கை என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, மறுநாள் கோவிலில் ஒப்பிக்க வேண்டிய ஜெபத்தைப் பாதியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சேலையை வீசிக்கொண்டிருந்தேன். இப்போது நிஜமாகவே வீசினேன். ஆனாலும் பெரிய பயம் வரவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் வரை யாரோ எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பினேன்.

திடீரென்று, ஒரு வரியின் நடுவில், பாட்டு நின்றது.

எல்லாரும் சாமான்களைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

கரையில் நடந்ததைப் பிற்பாடு ஆர்மோனிய அண்ணாச்சி வருவோர் போவோருக்கெல்லாம் சொல்வார். தங்கை மறந்துவிட்டுப் போன வெள்ளை முக்காட்டைக் கொடுப்பதற்காக அம்மா கோவிலுக்குப் போயிருக்கிறாள். வகுப்பில் நாங்கள் இல்லை. குழாய் ஸ்பீக்கரில் தன் தம்பியின் குரல் கேட்டுக் கரைக்கு வந்திருக்கிறாள்.

“அங்கன என் சேலைய வீசுதது யாரு?”

“பதறாதீங்க மைனி. பாட்டுக்குப் படம் எடுக்காவ.”

அம்மா ஒரு கணம் பார்த்தாளாம். படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் அந்தக் கரையில் அவள் ஒருத்திதான். மறுபேச்சுப் பேசாமல் பேட்டரியிடம் போய் இரண்டு வயரையும் பிடுங்கி எறிந்தாள். பாட்டு நின்றதும் வலைக்காரர்கள் திரும்பினார்கள். திரும்பியவர்கள் வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள்.

எங்கள் ஊர்ப் பெண்கள் வள்ளத்தில் கால் வைக்கும் வழக்கமில்லை. சின்னப் பிள்ளைகள் அதில் சேர்த்தியில்லை. முதல் வள்ளத்தைத் தள்ளும்போது அம்மா ஏறிவிட்டாள்.

“பொம்பள ஏறக் கூடாது, எறங்கும்மா” என்றார் மூத்தவர்.

“நீரு எம்பிள்ளைகளக் கொண்டாந்து கரையில எறக்கும். பிறவு நான் எறங்குதேன்” என்றாளாம் அம்மா.

மாமாவை வழியில் இரண்டாவது வள்ளம் தூக்கிப் போட்டுக்கொண்டது. நிறையக் கடல்தண்ணீர் குடித்திருந்தாரே தவிர வேறு சேதமில்லை. சுருளும் பிழைத்தது. அடுத்த வருடம் கழுவிக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுச் சுவரில் படுக்கைவிரிப்பைக் கட்டி, கேசட்டையும் ஓடவிட்டுப் போட்டுக் காட்டினார். தெருவே கூடிவிட்டது. வள்ளம் சிறுத்துப் போய், சேலை ஒரு சிவப்புப் புள்ளியாக அசையும் இடத்தில் கைதட்டினார்கள். வாக்குக் கொடுத்த மூத்தவர், “வில்லன் இல்லன்னியே, கச்சான்தாம்லே வில்லன்” என்றார். மறுபடி போடச் சொன்னார்கள். அம்மா மட்டும் அடுக்களையை விட்டு வரவே இல்லை. கூப்பிடப் போனேன். அடுப்பில் ஒன்றுமில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். என் நடிப்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

சுருள் முடிந்த பிறகு நடந்தது அந்தப் படத்தில் இல்லை. வள்ளம் ஒன்று எங்களை நோக்கி வந்தது. அதன் நடுவில் ஒரு வெள்ளைத் துணி விடாமல் அசைந்துகொண்டிருந்தது. கண்ணீரிலும் வெயிலிலும் அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. நான் பாட்டுக்கு வீசிக்கொண்டே இருந்தேன். வள்ளம் வந்து இடித்தது. யாரோ தங்கையைத் தூக்கிக்கொண்டார்கள். அப்போதும் என் கை இறங்கவில்லை. தோள்பட்டை மரத்துப்போய், அது என் கையாகவே இல்லாமல், தானாக வீசிக்கொண்டிருந்தது.

அம்மா இரண்டு வள்ளத்துக்கும் நடுவே தாண்டி வந்தாள். இடுப்பு வரை நனைந்திருந்தாள். கையில் தங்கையின் முக்காடு. பொய் சொன்னதற்கு ஒன்று, சேலையை எடுத்ததற்கு ஒன்று என்று இரண்டு அடியாவது விழும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன். அடி விழவில்லை. ஏன் விழவில்லை என்று போன வாரம் வரை எனக்குத் தெரியாது. என் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக, ஒடிந்துவிடப் போகிற எதையோ மடக்குவது போலக் கீழே இறக்கினாள்.

“போதும்ளா, கையப் போடு” என்றாள். “நான் பாத்துட்டேன்.”