ஆறு மணிவரை போட்ட கையெழுத்து

அந்தக் கட்டிலின் கால்மாட்டில் இன்றும் ஒரு பேனா தொங்குகிறது. மை தீர்ந்ததும் உருவிவிட்டுப் புதியதைச் செருகுகிறோம். அதைக் கட்டியிருக்கும் தங்கூசி நூலும் முடிச்சும் மட்டும் சம்மாட்டியுடையவை. மன்னாரில் இரண்டு வள்ளங்களுக்குச் சொந்தக்காரராக இருந்ததால் அந்தப் பெயர். தொண்ணூறில் ஊர் முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டு, கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் பிள்ளைகளை வளர்த்தார். கடைசியில் பாரிசவாதம் ஒரு பக்கத்தை இழுத்துவிட, களப்போரத்திலுள்ள எங்கள் முதியோர் இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். பேனா அடிக்கடி காணாமற்போகிறதென்று நாங்கள் குறைப்பட்டதைக் கேட்டு, தங்கூசி என்கிற, வலை பொத்துகிற நைலோன் நூலை வருவித்து, இயங்கிய ஒற்றைக் கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். "சுறா இழுத்தாலும் இது அவுராது, மகள்" என்றார்.

பேனாவுக்கு அருகே ஒரு தாள். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் புரட்ட வேண்டும்; புரட்டியதும் நேரத்துக்கு எதிரே கையெழுத்து. விதியில் பிழையில்லை. இருபத்திரண்டு பேருக்கு நாங்கள் இரண்டே பெண்கள், பிழை அங்கேதான். புரட்டுவதா, சோறூட்டுவதா, கழுவுவதா? காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு மாலை ஆறு மணிவரைக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குப் பழக்கிய வேலை அது. பிறகு முடிந்தால் புரட்டினோம். முடியாத நாட்களே அதிகம்.

பரிசோதனைக்கு வந்த அதிகாரி தாளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு சம்மாட்டியிடம் குனிந்து, "குறை ஏதும் இருக்கா, ஐயா?" என்று கேட்டார். புரட்டாமல் கிடந்ததில் சம்மாட்டியின் இடுப்பில் புண் வைத்திருந்தது. அன்றைக்கென்று விரித்த புதுத் துணி அதை மூடியிருந்தது. "ஒரு குறையுமில்ல. புள்ளைகள் நல்லாப் பாக்குறாங்க" என்றார் சம்மாட்டி. ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "சொன்னா ஒன்ட வேலை போகும். நீயும் போனா என்னைய யாரு புரட்டுற?" பகிடியாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பு.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு, காய்ச்சலில் நினைவிழந்தவரை அம்புலன்ஸில் ஏற்றினோம். புண் எலும்பைத் தொட்டுவிட்டதென்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பின்னேரம் மூன்று மணிபோல், அஸர் தொழுகைக்கு முன்பே மூச்சடங்கி மௌத்தாகிவிட்டார். திரும்பி வந்து தாளைப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு இடப்பக்கம், இரண்டுக்கு வலப்பக்கம், பிறகு நான்கு, ஆறு. எல்லாவற்றுக்கும் எதிரே என் கையெழுத்து. ஆளில்லாத கட்டிலில், மௌத்தான பிறகும் அவரைப் புரட்டியிருக்கிறேன். மரணத்தை விசாரிக்க வந்த அதிகாரிகளும் அதைப் பார்த்தார்கள். கட்டங்கள் நிரம்பியிருந்ததால் நேரத்தை ஒருவரும் வாசிக்கவில்லை. பராமரிப்பில் குறையில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். நான் வாய் திறக்கவில்லை.

இப்போது அதே இல்லத்துக்கு நான்தான் பொறுப்பு. இன்னும் ஆட்களைத் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. புரட்டாமல் கையெழுத்து வைக்கக் கூடாது என்பது மட்டும் என் கட்டளை. அதனால் எங்கள் தாள்களில் வெறுங்கட்டங்கள் இருக்கின்றன.

போன கிழமை வந்த புதிய அதிகாரி, சம்மாட்டியின் கட்டிலருகே நின்றார். அதில் இப்போது வேறொருவர் கிடக்கிறார்.

"ஏன் மிஸ், இதெல்லாம் வெறுமையாக் கிடக்கு?"

"புரட்டயில்ல, சேர். ஆள் காணாது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் குறையெண்டு எழுத வேண்டி வரும். நாலு கையெழுத்துத்தானே, போட்டு விடுங்களேன்."

தங்கூசியில் தொங்கிய பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"குறையெண்டே எழுதுங்க, சேர்."