மூன்று சென்டிமீட்டர் குட்டை

புது சீசன் சரக்கு வந்திறங்கும் நாளில் எங்கள் சைக்கிள் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. வாசலிலிருந்து பின்சுவர் வரை அட்டைப்பெட்டிகள்தான். ஒவ்வொரு வருடமும் கம்பெனிக்காரன் தன் போன வருடச் சரக்கைத் தானே மட்டம்தட்டி ஒரு புத்தகம் அச்சடித்து அனுப்புவான். முன்பைவிட அரை டிகிரி கூடுதலாகச் சாய்ந்த, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், ஒயரே இல்லாத கியர், ஃபிரேமுக்குள்ளேயே டியூப் வைத்துக்கொள்ள ஒரு பொந்து. இதே ஆள்தான் போன வருடம், 'இதற்கு மேல் ஒன்றுமில்லை' என்று சத்தியம் செய்தான். கடை என்னுடையது என்றாலும் எனக்கு இதிலெல்லாம் பாதி நம்பிக்கைதான். மலையேறும் சைக்கிள் விற்கிறேன், அவ்வளவே.

முழுசாக நம்புகிற ஆள் என் அக்கா. இருபது வருடமாகக் கடையின் மெக்கானிக் அவள்தான். உயரம் நாலடி எட்டு அங்குலம், வாய் மட்டும் ஆறடி. வாடிக்கையாளர்கள் அவளை 'மில்லிமீட்டர் அக்கா' என்பார்கள். காரணம், 'கொஞ்சம்' என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. "சீட்டைக் கொஞ்சம் ஏத்துங்கக்கா" என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் தொலைந்தார். "கொஞ்சம்னா எத்தனை மில்லி? நாலா, அஞ்சா? தெரியலைன்னா வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்க" என்பாள்.

ஊருக்குப் பின்னாலிருக்கும் மலைப்பாதையில் அவள் ஒரு தடவைகூடச் சைக்கிளில் போனதில்லை. ஆனால் ரிப்பேருக்கு வந்த சைக்கிளின் கீறலைப் பார்த்தே, "மூணாவது வளைவு, வலது பக்கப் பாறை. பிரேக்கை லேட்டா பிடிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிடுவாள். கேட்டவர் வாயைப் பிளப்பார். அவள் உயரத்துக்கு மலை சைக்கிள் எங்கள் கடைக்கு வந்ததே இல்லை. பாகங்களையெல்லாம் பூட்டி முடித்த சைக்கிளைச் சோதித்துப் பார்க்க, சீட்டை அடிவரை இறக்கி, நுனிக்காலில் தத்தித் தத்தி ஏறி, பெட்ரோல் பங்க் முக்குவரை போய் வருவாள். அதோடு சரி. அவளுக்கு அதில் குறை இருக்குமென்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இந்த வருடம் புது மலை சைக்கிள் மாடலில் ஐந்து ஃபிரேம் வந்தது. நான்குக்கு ஆள் தயார். ஐந்தாவது கேட்காமலே வந்தது. ஆகச் சிறிய அளவு, அவரைக்காய்ப் பச்சை நிறம்.

"இதை யாருக்கா வாங்குவா? திருப்பி அனுப்பிடலாம். வெள்ளிக்கிழமை வண்டி வருது" என்றேன்.

"சரி" என்றாள் அக்கா.

அவள் 'சரி' என்று ஒரே சொல்லில் முடித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஃபிரேமை வெளியே எடுத்தாள், சக்கரம் பூட்டினால் நிற்கும் உயரத்துக்குத் தூக்கி இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்திருந்தன. நான் பார்ப்பதைக் கண்டதும், "கீறல் இருக்கான்னு பாக்கறேன்" என்றாள்.

திங்கள் முதல் புதன்வரை நான் பின்கட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பச்சை ஃபிரேம் அவள் ஸ்டாண்டில்தான் இருந்தது. கையில் அளவுநாடா.

"திருப்பி அனுப்பற சரக்கை எதுக்குக்கா அளக்கற?"

"புது மாடல்டா. தெரிஞ்சு வச்சுக்க வேணாமா?"

நியாயம்தானே என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை பல் டாக்டருடைய சைக்கிளைப் பூட்டும் வேலை. டாக்டர் ஆறடிக்கு மேல். சீசன் தவறாமல் ஃபிரேம் மாற்றுகிற மகராசன், எங்கள் கடைக்கு விளக்கேற்றி வைப்பவர்களில் முதல் ஆள். அவருக்குப் பெரிய அளவு ஃபிரேம். எல்லா அளவுக்கும் ஃபோர்க் ஒன்றேதான். அதன் மேலே நீளமாக ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் ஃபிரேமின் கழுத்து எவ்வளவு நீளமோ அதற்குத் தக்கபடி குழாயை வெட்டி உள்ளே நுழைக்க வேண்டும். நீளமாக வெட்டினால் இன்னொரு தடவை வெட்டிக்கொள்ளலாம். குட்டையாக வெட்டினால் கதை முடிந்தது. தலைமுடியா என்ன, திரும்ப வளர?

ரம்பச் சத்தம் கேட்டது, நின்றது.

"தம்பி, இங்க வா."

போனேன். டாக்டருடைய ஃபிரேமில் ஃபோர்க்கை நுழைத்திருந்தாள். ஹேண்டில்பார் மாட்ட மேலே எட்டிப் பார்க்க வேண்டிய குழாயைக் காணோம். கழுத்துக்குள்ளேயே முடிந்துவிட்டிருந்தது. மூன்று சென்டிமீட்டர் குட்டை.

நான் கண்மண் தெரியாமல் கத்தினேன். "இருபது வருசமா ஒரு மில்லி தப்பினதில்ல, இப்ப முப்பது மில்லியா? கண்ணை எங்க வச்சிருந்த? சாயங்காலம் டாக்டர் வந்து நிப்பாரே!"

ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுக்கிறவள், வெட்டி விழுந்த துண்டை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "ரெண்டு தடவை அளந்தேன்டா. எப்படின்னே தெரியல" என்றாள் கடைசியில். நான் அப்படியே அடங்கிப்போனேன்.

டாக்டர் நல்ல மனுஷர். விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஆனைக்கும் அடி சறுக்கும்க்கா. நான் வேலைக்குச் சேந்த புதுசுல வலிக்கிற பல்லை விட்டுட்டு பக்கத்துப் பல்லைப் பிடுங்கிட்டேன். உங்களுக்காவது ஃபோர்க் கத்தல. வேற வரட்டும், அடுத்த வாரம் வர்றேன்." அக்கா சிரிக்கவில்லை. கை கழுவப் போகிறேனென்று உள்ளே போய்விட்டாள்.

வெட்டின ஃபோர்க்கை என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டு அவள் மேஜையில் உட்கார்ந்தேன். அவள் அளவெழுதிய துண்டுச்சீட்டு அங்கேயே கிடந்தது. கழுத்து தொண்ணூறு மில்லி என்று தெளிவாக எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாள். டாக்டருடைய ஃபிரேமை அளந்தேன். நூற்றிருபது. அப்புறம் எதற்கோ தோன்றி, பச்சை ஃபிரேமை அளந்தேன்.

தொண்ணூறு. ஒரு மயிரிழை கூடவுமில்லை, குறையவுமில்லை.

அளவில் பிசகே கிடையாது. சைக்கிள்தான் மாறிப்போயிருந்தது. மூன்று நாளாக மனசுக்குள்ளே தனக்கொரு சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தவள், டாக்டருடைய குழாயில் தன் அளவைக் குறித்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரிலுள்ளவர்களின் கால் நீளமெல்லாம் எனக்கு மனப்பாடம். கூடப் பிறந்தவள் இருபது வருடமாக நுனிக்காலில் தத்துவது மட்டும் கண்ணில் படவில்லை.

வெட்டின ஃபோர்க்கைப் பச்சை ஃபிரேமில் நுழைத்தேன். அச்சாகப் பொருந்தியது. அக்கா வந்து பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"வேணும்னே வெட்டினேன்னு நினைக்கறியாடா?"

"வேணும்னே செய்யற ஆளா இருந்தா என்னைக்கோ செஞ்சிருப்பக்கா."

"தப்பு பண்ணினதுக்குப் பரிசெல்லாம் எனக்கு வேணாம். நாளைக்கு வண்டி வந்ததும் ஃபிரேமை ஏத்தி விடு."

"பரிசும் இல்ல, புண்ணாக்கும் இல்ல. வண்டியை வர வேணாம்னு சொல்லிட்டேன். இந்த ஃபோர்க்குக்குப் பொருந்தற ஃபிரேம் கடையில இது ஒண்ணுதான். நீ ஏறறியா, இல்ல நான் ஏறட்டுமா?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ ஏறினா ஃபிரேம் ரெண்டாப் போயிடும்" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

இரண்டு நாளில் பூட்டி முடித்தாள். புது பிரேக், புது கியர், அமுக்கினால் இறங்கும் சீட் கம்பி என்று எல்லாம் இந்த சீசன் சரக்கு. 'எல்லாம் விளம்பரம்' என்று வழக்கமாகச் சொல்கிற நான் வாயை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மலையடிவாரத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். அவள் மேலே போய் ஒரு மணி நேரமாயிற்று. விழுந்து வைத்தால் அத்தானுக்கு என்ன பதில் சொல்வேன் என்று பாட்டில் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அப்போது கடைசி வளைவில் சரளைக்கல் தெறிக்கும் சத்தம். பெடலில் எழுந்து நின்றபடி வந்தவள், என்னைத் தாண்டி, நிற்காமல், சமதரையில் வெகுதூரம் போய்த்தான் திரும்பி வந்தாள். முழங்கால் சிராய்த்திருந்தது. புருவம்வரை சேறு.

பின்பிரேக்கில் ஏதாவது நொட்டை சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். பாட்டிலைக்கூட வாங்காமல் என்னையே பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"இருபது வருசமா எத்தனை பேருக்குப் பூட்டிக் குடுத்திருப்பேன். இப்படி இருக்கும்னு ஒருத்தராவது சொன்னாங்களாடா?"

சொன்ன கையோடு சைக்கிளைத் திருப்பி மறுபடியும் மேலே ஏறத் தொடங்கிவிட்டாள்.