ப்ரொஃபைல் இல்லாத மேரி

ஆள் எடுக்கும் வேலையில் ஒரு வசதி உண்டு: தப்பு செய்வது நாம், வேலை போவது வேறு யாருக்கோ. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இது புதிதில்லை. எளாவூர் பக்கம் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆறு வருடமாக நான் பார்ப்பதும் இந்த வேலைதான்.

மூன்று நிமிட இன்டர்வியூ

இறாலின் தரம் பார்க்க ஆள் தேவைப்பட்டது. ஏரி நடுவே தீவாக இருக்கும் பசியாவரத்திலிருந்து மேரி வந்தார். சின்ன வயதிலிருந்தே ஏரியில் கையால் இறால் பிடித்தவர், ஏலக்கூடத்தில் மூன்று வருடம் தரம் பிரித்தவர். படகில் வந்ததில் புடவைக் கரை நனைந்திருந்தது. வேலை தேடுகிறவர்கள் இணையத்தில் போட்டுவைக்கும் ப்ரொஃபைல் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அது இல்லாதவர்களை நான் அடுத்த சுற்றுக்கு அனுப்புவதில்லை. மேலாளர் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான்.

"அப்புறம் சொல்றோம்" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. கதவருகே திரும்பி நின்று கேட்டார்: "மேடம், இறாலைப் பத்தி ஒரு கேள்வி கூட கேக்கலியே?"

பாராட்டுகள் நிறைந்தவர்

அந்த இடத்துக்கு நான் எடுத்தவரின் ப்ரொஃபைலில் கோட்டு போட்ட படம், 'கடல் உணவுத் தர வல்லுநர்' என்ற பட்டம், கீழே வரிசையாகப் பாராட்டுரைகள். பாராட்டியவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டு விசாரித்தேனா? இல்லை.

இரண்டாவது வாரமே, தலை கழன்றுகொண்டிருந்த இறாலை நல்ல சரக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உரிக்கும் மேசையிலிருந்த எல்லம்மா, "நாத்தம் வருது சார்" என்று சொல்லியும் கேட்கவில்லை. சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. விசாரணை முடியும்வரை உரிக்கும் பிரிவை மூடினார்கள். பெண்கள் எல்லாரும் ஒரு வாரம் வீட்டில். அந்த வல்லுநரோ அதற்குள் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். ப்ரொஃபைலில் எங்கள் கம்பெனியும் ஓர் அனுபவமாக ஏறியிருந்தது.

கேட் அருகே எல்லம்மாவைப் பார்த்ததும் நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். மறுமுனையில் யாரும் பேசவில்லை என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? எப்போதும் 'மேடம்' என்பவர் அன்று சொன்னார்: "அவரு இறாலைப் பாக்கல, நீ அவரைப் பாக்கல. வூட்ல குந்திக்கினு கீறது மட்டும் நாங்களா?"

இடுப்பளவு தண்ணீரில்

மறுநாளே பசியாவரத்துக்குப் படகு ஏறினேன். மேரி இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கவ்வியிருந்ததால் பேச முடியவில்லை. 'இரு' என்று கையைக் காட்டினார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். அவர் பறி நிரம்பும்வரை அவசரப்படவில்லை.

கரையேறியதும் மன்னிப்புக் கேட்டேன். வேலைக்கு வரச் சொன்னேன். "வர்றேன்" என்றார். பிறகு, தன் தம்பியின் போனில் என் ப்ரொஃபைலைப் பார்த்ததாகச் சொன்னார். நான் பிறந்தது கோட்டைக்குப்பம். என் நைனா இதே ஏரியில் வலை போட்டவர். ப்ரொஃபைலில் நான் எழுதியிருந்தது, 'சொந்த ஊர்: சென்னை'.

மேரி குரலை உயர்த்தவில்லை. பறியில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "உங்க நைனாவை எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும் மேடம். உங்க ப்ரொஃபைலுக்குத்தான் தெரியல."

மேரி இன்றும் ப்ரொஃபைல் இல்லாமல்தான் இறாலின் தரம் பார்க்கிறார். நான் என்னுடையதில் ஊர்ப் பெயரைத் திருத்தியதற்கு இதுவரை வந்திருக்கும் ஒரே லைக், கோட்டைக்குப்பம் பக்கம் வீட்டுமனை விற்கும் ஒருவருடையது.