சோக்கேசில் இருந்த மூன்று பெடியன்கள்

ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியான சோக்கேசில், காலமான மாமா மாமியின் படங்களுக்குப் பக்கத்தில், மூன்று வெள்ளைக்காரப் பெடியன்களின் படம் இருந்தது. ராக் அண்ட் ரோல் தொடங்கிய காலத்தில் அமெரிக்காவில் பாடியவர்கள். பனிக்காலத்தில் சின்ன விமானம் ஒன்று விழுந்து மூன்று பேரும் ஒன்றாகச் செத்துப்போனார்கள். என் மனுசன் பஸ் ஓட்டுகிறவர். கூட வேலை செய்த நோர்வேக்காரன் ஒருவனால் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ஒவ்வொரு பெப்ரவரியும் விமானம் விழுந்த நாளில் மெழுகுதிரி கொளுத்தி, கிட்டாரை எடுத்து அவர்களின் பாட்டைப் பாடுவார்.

ஒருமுறை தேத்தண்ணி குடிக்க வந்த கீழ்வீட்டு அக்கா படத்தை உற்றுப் பார்த்தார்.

“கண்ணாடி போட்ட தம்பி ஆர்? உங்கடை சொந்தத்திலை கட்டினவரோ? காலமாயிட்டாரோ?”

“ஓமக்கா. இவருக்கு மட்டும் சொந்தக்காரர்.”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமை என்றால் பொறாமைதான். என் அண்ணனும் பாடினவன். கலியாண வீட்டில் அவன் பாடத் தொடங்கினால் சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து நிற்பார். ஊரில் சண்டையில் செல் குண்டு விழுந்து செத்தபோது அவனுக்கும் இந்தப் பெடியன்களின் வயதுதான். இடம்பெயர்ந்து ஓடியதில் அவனுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குரலை ஒருத்தரும் பதிந்து வைக்கவும் இல்லை. இவர்களுக்கோ படம், இசைத்தட்டு, அவர்கள் கண்ணாலும் காணாத ஒஸ்லோவில் மெழுகுதிரி.

அடுத்த பெப்ரவரியில் மனுசன் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“எங்கடை அண்ணாவின்ரை துவசம் எப்ப எண்டு சொல்லுங்கோ பாப்பம்.”

அவர் முழித்தார். “ஆவணியோ?”

“ஐப்பசி. உந்த வெள்ளையளின்ரை நாள் மட்டும் மறக்காது.”

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. “நான் அவரைக் கண்டனானே? அவர் பாடிக் கேட்டனானே? நீ ஒருநாளாவது அவரின்ரை பாட்டைப் பாடிக் காட்டினனியே? இப்ப பாடு, நான் வாசிக்கிறன்.”

பாடினேன். அண்ணன் தானே கட்டிய பாட்டு. முதல் வரி வந்தது. இரண்டாவதும் வந்தது. அவர் கிட்டாரில் மெட்டைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வரிக்காக என் முகத்தைப் பார்த்தார். அது வரவில்லை. திரும்பவும் தொடக்கத்திலிருந்து பாடினேன். அதே இடத்தில் நின்றது. கேட்டால் சொல்ல இனி ஒருத்தரும் இல்லை.

“பரவாயில்லை, ரெண்டு வரியும் நல்லாத்தான் இருக்கு” என்றார்.

பரவாயில்லையாம். அந்த மூன்று பேரின் பாட்டில் ஒரு சொல்கூட இவருக்குத் தவறாது. எழும்பிப் போனேன். படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுதிரியை எடுத்து, கோப்பைகள் மட்டும் இருந்த மற்றத் தட்டில் வைத்தேன்.

“என்னப்பா செய்யிறாய்?”

“உவையளுக்கு உலகம் முழுக்க ஆக்கள் கொளுத்தினம். இதை அண்ணாவுக்கு விடுங்கோ.”