மண்டையோடு கிடைக்காத விலங்கு

தலை மேசைமேல் இருந்தது. உடல் வெளியே வெயிலில், இரண்டு லோரி நீளத்துக்கு நின்றது. மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கில், நீச்சல் குளங்களுக்குச் சறுக்குகள் செய்யும் எங்கள் ஃபைபர் கிளாஸ் பட்டறைக்கு அதற்குமுன் அப்படியொரு வேலை வந்ததேயில்லை. கோதாவரிப் பள்ளத்தாக்கில் எலும்புகள் கிடைத்த பராபாசாரஸ் அது. ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில் இலைதழை தின்று வாழ்ந்த நீள்கழுத்து டைனோசர். கிள்ளானில் ஒரு பேரங்காடியின் வாசலில் நிற்கவேண்டும். இரும்புக்கூட்டைப் பற்றவைத்தவன் நான். உருவம் வார்த்தவர், சாலாக் செலாத்தானிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வரும் அக்கா.

"இதோட மண்டையோடு இன்னும் கிடைக்கலையாம் தம்பி. பல்லு மட்டுந்தான் இருக்காம்" என்று முதல் நாளே கண்கள் மின்னச் சொன்னார். கரண்டிபோல இருந்த அந்தப் பல்லின் படத்தைச் சுவரில் ஒட்டினார். பல்லிலிருந்து தாடை, தாடையிலிருந்து கன்னம் என்று யோசித்து யோசித்து இரண்டு வாரம் இழைத்தார்.

ஒப்படைப்பதற்கு முந்தின நாள் மதியம் பேரங்காடி மேலாளர் வந்தார். தலையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"என்னக்கா, மாடு மாதிரி இருக்கு? கோரைப்பல் வைங்கலா. பிள்ளைங்க பயந்தாதான் கூட்டம் வரும்."

"இது இலை தின்ன வாய், பாஸ். ஒருவாட்டி மேல ஏத்திப் பாருங்க. அப்பவும் பிடிக்கலன்னா நானே மாத்துறேன்."

கிரேன் தலையைத் தூக்கியது. அவ்வளவு நீளக் கழுத்தின் நுனியில் அந்தப் பாரத்தை என் பற்றவைப்பு தாங்குமா? ஏணி உச்சியில் நின்று கடைசி போல்ட்டை முடுக்கினேன். கிரேனின் பட்டை தளர்ந்தது. கழுத்து ஒரு விரல் அளவு தாழ்ந்து, அப்படியே நின்றது.

கீழே ஒரே ஆரவாரம்! பக்கத்துத் தொழிற்சாலையில் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவர்கள் வேலியோரம் திரண்டு கைப்பேசிகளை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரு மலாய்க்காரப் பெண்மணி வேலியில் படர்ந்த பசுங்கொடி ஒன்றைப் பிடுங்கி அதன் வாயை நோக்கி நீட்டிச் சிரித்தார். மேலாளர் கூட்டத்தைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். பிறகு தன் கைப்பேசியை அக்காவிடம் கொடுத்து, "அது மூஞ்சி தெரியிற மாதிரி என்னை ஒரு படம் எடுங்கக்கா" என்றார். அக்கா நாலடி பின்னால் போய், இரண்டு முகமும் தெரியும்படி எடுத்தார்.

இப்போது அக்காவுக்குக் காஜாங்கில் சொந்தப் பட்டறை இருக்கிறது. போன வாரம் அங்கே போயிருந்தபோது கேட்டேன்: "நாளைக்கே உண்மையான மண்டையோடு கிடைச்சு, நீங்க செஞ்சது தப்புன்னு ஆனா என்ன பண்ணுவீங்க?"

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "கிடைச்சிருச்சா தம்பி? எங்கே, காட்டு!"